பறப்புப் பதிவும் அதனை வினவும் நுண்ணறிவுக் கருவியும்

நடந்து முடிந்த செயலொன்றின் காரணத்தை ஆராய்வோர்க்குச் சான்று இன்றியமையாதது. 1953, 1954 ஆம் ஆண்டுகளிற் 'கொமெற்' எனும் ஜெற் விமானங்கள் சில வானிலேயே சிதைந்து வீழ்ந்தன. அவற்றில் இருந்தோர் அனைவரும் மாண்டனர். நிகழ்ந்ததை எடுத்துரைக்க எவரும் எஞ்சிலர். அவ்விபத்துக்களின் ஆராய்ச்சியில் ஈடுபட்ட அவுஸ்திரேலிய விஞ்ஞானி டேவிட் வொறன், விமானியறைப் பேச்சினையும் கருவிகளின் அளவீடுகளையும் பதிந்து காக்கும் பெட்டியொன்றை அத்தசாப்தத்திலேயே ஆக்கினார். இன்று கறுப்புப் பெட்டியென வழங்குவது அவ்வெண்ணத்தின் வளர்ச்சியேயாம்.

ஆளில்லா விமானமாகிய ட்ரோனிலே இப்பணியைச் செய்வது பறப்புக் கட்டுப்படுத்தி எனும் சிறு கணினியாகும். சுழற்சி, முடுக்கம், திசை, உயரம், மின்கல நிலை என்பவற்றை உணர்ந்து மோட்டர்களை ஆளும் அதுவே, தான் உணர்ந்தவற்றை நினைவட்டையிற் குறித்தும் வைக்கின்றது. ஆயினும் யாவற்றையும் அது குறிப்பதில்லை. எவற்றைக் குறித்தல் வேண்டுமென்பது பறப்புக்கு முன்னரே வகுக்கப்படுகின்றது. வகுக்காது விட்ட பதிவைப் பின்னர் எத்துணை அறிவுடையோராலும் மீட்டல் இயலாது.

உலகெங்கும் பயிலும் 'ஆர்டுபைலற்' எனும் திறந்த மென்பொருளை உதாரணமாகக் கொள்வாம். அதிலே 'லொக் பிற்மாஸ்க்' எனும் பரமானமொன்று உளது. பல சுழலிகளாற் பறக்கும் வகைக்கு அதன் வழமையான பெறுமானம் 176126 ஆகும். பொருளற்றதுபோலத் தோன்றும் இவ்வெண்ணை இரண்டின் அடுக்குகளாகப் பிரிப்பின் அதன் உட்பொருள் விளங்கும். 4094, 8192, 32768, 131072 என்பவற்றின் கூட்டுத்தொகையே அது. 4094 என்பது 1 முதல் 11 வரையுள்ள இடங்கள் யாவும் திறந்திருத்தலைக் காட்டும். ஏனைய மூன்றும் முறையே 13, 15, 17 ஆம் இடங்களைக் குறிக்கும். 2 ஆம் இடம் ஜி.பி.எஸ். பதிவுக்கும், 9 ஆம் இடம் மின்கலத்துக்கும், 13 ஆம் இடம் திசைகாட்டிக்கும், 17 ஆம் இடம் மோட்டர்களுக்கும் உரியன. விரைந்த அதிர்வுகளை நுணுகி ஆராய்வதற்குரிய 19 ஆம் இடமோ மூடப்பட்டுள்ளது.

இதனோடு வேறிரு பரமானங்களையும் நோக்குதல் வேண்டும். 'லொக் பக்கென்ட் ரைப்' பதிவு எங்கே செல்லுமென்பதைக் கூறும். 1 எனின் நினைவட்டைக்குச் செல்லும், 0 எனின் எங்குஞ் செல்லாது. 'லொக் டிஸாம்ட்' 0 ஆயின், மோட்டர்கள் இயங்க ஆயத்தமாக்கப்பட்ட பின்னரே பதிவு தொடங்கும்.

செயற்கை நுண்ணறிவு முகவர் இங்கேதான் துணைபுரிகின்றது. ஒருவர் தமிழிலே, "என் ட்ரோன் எவற்றைப் பதிகின்றது?" என்று வினவலாம். முகவர் தனக்களிக்கப்பட்ட கருவியை அழைக்கும். அக்கருவி, 2009 இல் லொறென்ஸ் மையர் தொடக்கிய 'மாவ்லிங்க்' எனும் செய்திமுறையால், குறித்த பரமானத்தின் பெறுமானத்தைக் கட்டுப்படுத்தியிடம் கேட்கும். வந்த விடையை மேற்கூறியவாறு பிரித்து முகவர் விளக்கும். இத்தகைய கருவிகளை முகவர்களோடு இணைப்பதற்குப் பொதுவானதொரு நெறியை 'அந்த்ரோபிக்' நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்டது.

இம்முறையினைக் கையாள்வோர் மூன்று வேறுபாடுகளை மறத்தலாகாது. முதலாவது, கேட்டறிந்த பெறுமானம் வேறு, முகவர் நினைவிலிருந்து கூறும் வழமைப் பெறுமானம் வேறு. 176126 என்பது பொது வழக்கேயன்றி, உம்முடைய ட்ரோனின் நிலையென்பதற்குச் சான்றன்று. ட்ரோனின் வகை மாறின் இடங்களின் பொருளும் மாறக்கூடும். ஆதலின் வகையை முதலில் அறிதல் வேண்டும். இரண்டாவது, விடை வாராமை வேறு, விடை பூச்சியமாக வருதல் வேறு. தொடர்பு அறுந்தமையைப் 'பதிவு இல்லை' என மொழிபெயர்க்கும் கருவி பொய்ச்சாட்சி பகர்வதாகும். மூன்றாவது, வாசித்தல் வேறு, மாற்றுதல் வேறு. வாசிக்க மட்டும் பணிக்கப்பட்ட கருவிக்கு எழுதும் உரிமை தேவையில்லை. மனிதன் ஒப்பாது எதனையும் மாற்றாதிருத்தலே பாதுகாப்பாம்.

ஸ்கந்தபுரத்து நெல்வயலொன்றின் மேல் மருந்து தெளிக்கையில் ட்ரோன் ஒன்று வீழ்ந்ததெனக் கொள்வாம். மின்கலம் சோர்ந்ததோ, திசைகாட்டி பிறழ்ந்ததோ, மோட்டர் ஒன்று நின்றதோ என்பதைப் பதிவே தெரிவிக்கும். பதிவில்லையேல் பழி இயக்கிய இளைஞன்மேற் சுமத்தப்படும். உண்மையான பழுதோ திருத்தப்படாது மறுமுறையும் நேரும். அப்போது கீழே ஆட்கள் நிற்கவுங்கூடும். தீர விசாரிப்பதே மெய்யென்பர் நம் முன்னோர். விசாரணைக்கு வேண்டிய சான்றினை முன்கூட்டியே ஆயத்தஞ்செய்வது அவ்விசாரணையின் முதற்படியாகும். ட்ரோன் நிலத்தில் நிற்கும்போதே, ஒரு வினாவினால், அப்படியில் எவரும் கால்வைத்தல் கூடும்.