ஆண்டவன் முன் கட்டிய துணி

கதிர்காமத்திலே பூசை செய்பவர், வாயைத் துணியால் கட்டிக் கொண்டுதான் உள்ளே நுழைகிறார். யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதியிலும் அதே முறைதான். பூசாரியின் மூச்சு பட்டுத் தெய்வம் தீட்டாகிவிடக் கூடாதாம்! நோயே அண்டாத ஆண்டவனுக்கு அத்தனை பாதுகாப்பு! நோயால் நொந்து கிடப்பவனுக்கும், அவன் இருமலை எதிர்கொண்டு நிற்கும் செவிலித் தாய்க்கும் என்ன பாதுகாப்பு என்று கேட்டால் மட்டும், "கொரோனாதான் போய்விட்டதே, இன்னும் எதற்கு முகக்கவசம்?" என்கிறார்கள் சிலர்.

திருவண்ணாமலையிலிருந்தே இதைக் கேட்போம். 1957-ல் கழகத்தின் சார்பில் நாடாளுமன்றம் சென்ற இருவரில் ஒருவரான தர்மலிங்கத்தைத் தேர்ந்தெடுத்த ஊர் அது! முழுநிலா நாள்தோறும் மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் நடக்க லட்சக்கணக்கில் மக்கள் கூடுகிறார்கள். 2020 மார்ச்சில் அந்தக் கூட்டத்துக்குத் தடை வந்தது. 2022 மார்ச்சில்தான் கிரிவலப் பாதை மீண்டும் திறந்தது. கோயில் கூட்டத்தை நிறுத்த முடிந்தது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வரும் கூட்டத்தை யாரால் நிறுத்த முடியும்? வெளியூரிலிருந்து காய்ச்சலோடு வருபவனும், கல்வராயன் மலையடிவாரத்திலிருந்தும் ஜவ்வாது மலையிலிருந்தும் இருமிக்கொண்டு இறங்குபவனும் வந்து நிற்குமிடம் அதுதானே!

இது நேற்று முளைத்த கேள்வியல்ல. 1910-ன் இறுதியில் மஞ்சூரியாவிலே நுரையீரல் பிளேக் பரவியது. அதை அடக்க அனுப்பப்பட்டவர் ஊ லியன்-தே என்ற இளம் மருத்துவர்; நம் தமிழர் தோட்டக் கூலிகளாய்க் கப்பலேறிப் போன பினாங்கிலே பிறந்தவர். நோய் காற்றிலே பரவுகிறது, பஞ்சும் வலைத்துணியும் அடுக்கிய கவசம் கட்டுங்கள் என்றார். மெஸ்னி என்ற பிரெஞ்சு மருத்துவர் ஏளனம் செய்தார். கவசமின்றி நோயாளிகளைப் பார்க்கப் போனார். சில நாட்களிலே அதே நோய்க்குப் பலியானார்! ஏறத்தாழ 60,000 பேரை விழுங்கிய பிறகே அந்தப் பிளேக் ஓய்ந்தது.

கொரோனா அவசரநிலை முடிந்ததென உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5-ல் அறிவித்தது உண்மை. காசநோய் முடிந்ததென யார் அறிவித்தார்கள்? அந்தக் கிருமி காற்றிலே மணிக்கணக்கில் மிதக்கும். நாடாவால் கட்டும் சாதாரணக் கவசம், நோயாளி வாயிலிருந்து தெறிப்பதைத் தடுக்க உதவும். கன்னத்தோடு ஒட்டி நிற்காததால், மிதக்கும் கிருமி இடுக்கு வழியே உள்ளே போய்விடும். முகத்தோடு இறுகப் பொருந்தும் என்-95 தான், மிக நுண்ணிய துகள்களிலும் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்தைத் தடுக்கும். ஆகவே இருமுகிறவனுக்கு ஒன்று, பணியாளுக்கு மற்றொன்று!

2023 ஏப்ரல் 1 முதல் அரசு மருத்துவமனைகளில் முகக்கவசம் கட்டாயம் என்று அன்றைய மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சர் மா. சுப்பிரமணியன் அறிவித்தார். வரவேற்றோம். ஆனால் தொற்று ஏறினால் ஆணை, இறங்கினால் மறதி என்ற பழக்கம் போதாது.

எல்லோரும் எந்நேரமும் கட்டித்தான் தீர வேண்டுமா? வேண்டாம். சித்திரை வெயிலில் அந்தப் பாறை மலை காயும்போது, எட்டு மணி நேரம் முகத்தை மூடி வேலை செய்வது எத்தனை வேதனை! காது மந்தமான பாட்டி, மருத்துவரின் உதட்டைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொள்கிறாள். மருந்துக் கிடங்கிலும் கணக்கர் அறையிலும் கட்டாயம் தேவையில்லை. நெஞ்சகப் பிரிவு, சளி எடுக்கும் அறை, காய்ச்சல் வார்டு, தீவிர சிகிச்சை — இங்கெல்லாம் அலை வந்தாலும் வராவிட்டாலும் கவசம் இருந்தே ஆகவேண்டும்.

யாருக்கு என்பதிலேதான் வழக்கு! மருத்துவருக்கு நல்ல கவசம். அதே அறையைக் கூட்டி, அதே எச்சில் கலத்தை எடுத்துக் கழுவும் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளருக்குத் துவைத்து வெளுத்த துணிப்பட்டையா? கிருமி சம்பளப் பட்டியலைப் பார்த்தா மூக்கில் ஏறுகிறது? மேல்-கீழ் பார்ப்பது மனிதன் கற்றுக்கொண்ட தீமை. கிருமிக்கு அது தெரியாது. ஒப்பந்தம் போடும்போதே, ஆளுக்கு இத்தனை என்-95, கூலியில் பிடித்தமில்லை என்று எழுதட்டும். பெண்களின் முகத்துக்குப் பொருந்தும் அளவிலும் வாங்கட்டும். செவிலியரில் பெரும்பாலோர் பெண்களே. பொருந்துகிறதா என்று மாட்டிப் பார்த்துச் சோதிக்கட்டும். அடுத்த கார்த்திகை தீபத்துக்குக் கூடுதல் பேருந்து எத்தனை என்று கணக்கெடுக்கும் கூட்டத்திலேயே, மருத்துவமனைக்குக் கவசம் எத்தனை பெட்டி என்ற கணக்கையும் கேட்கட்டும்.