ஊதல் ஏந்திய ஆசான்

பொழுது புலருமுன் திருவண்ணாமலையில் மலை சுற்றும் பாதையில் இரு சாராரைக் காணலாம். ஒரு சாரார் வேண்டுதலோடு நடப்பவர். மறுசாரார், காவல்துறையிலோ இராணுவத்திலோ சேரும் கனவோடு ஓடிப் பழகும் இளைஞர். வியர்வை வழிய ஓடும் அவ்விளைஞருள் ஒருவரை நிறுத்தி, “தம்பி, உனக்கு முறையாக ஓடக் கற்றுக்கொடுத்தவர் யார்?” என்று கேட்டால், பெரும்பாலும் தம் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியரையே குறிப்பிடுவார். அவ்வாசிரியருக்குக் கற்பித்தவர் யார்? அவருக்கும் முன்னே கற்பித்தவர் யார்? இவ்வாறு வினவியபடி பின்னோக்கிச் செல்வோமாயின், சென்னை அடையாற்றங்கரையில் அமெரிக்கர் ஒருவர் முன் போய் நிற்போம். அவர் பெயர் ஹாரி குரோ பக்.

வேறோர் அளவுகோல்

அமெரிக்க நாட்டில் கல்லூரி விளையாட்டுப் பயிற்சியாளருக்குப் பெருமதிப்பு உண்டு. பேஸ்பாலிலும் கூடைப்பந்திலும் தம் கல்லூரிக்கு வெற்றி தேடித் தருபவரை மாணவர் தலைமேல் வைத்துக் கொண்டாடுவர். எத்தனை ஆட்டங்களில் வென்றார் என்பதே அங்கு அவரை அளக்கும் கோல்.

அந்நாட்டின் பென்சில்வேனியா மாநிலத்தில் 1884ஆம் ஆண்டு பிறந்தவர் பக். ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் கிறிஸ்தவ இளைஞர் சங்கம், அதாவது ஒய்.எம்.சி.ஏ., நிறுவிய கல்லூரியில் அவர் பயின்றார். அக்கல்லூரியில்தான் 1891ஆம் ஆண்டில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியர், பனிக்காலத்தில் வெளியே சென்று விளையாட இயலாத தம் மாணவருக்காக இரண்டு பழக்கூடைகளை உயரத்தில் தொங்கவிட்டுக் கூடைப்பந்தாட்டத்தைத் தோற்றுவித்தார். உடல், உள்ளம், ஆன்மா ஆகிய மூன்றையும் ஒருங்கே வளர்க்க வேண்டும் என்பது அச்சங்கத்தின் கொள்கை. அதன் முக்கோணச் சின்னம் உணர்த்துவதும் இதையே. இக்கொள்கையை நெஞ்சில் ஏந்தியவராய் பக் 1919ஆம் ஆண்டு சென்னை வந்து சேர்ந்தார்.

ஆசிரியரை உருவாக்கிய ஆசிரியர்

அக்காலத்தில் நம் பள்ளிகளில் உடற்பயிற்சி என்றால் பெரும்பாலும் இராணுவ முறையிலான ‘டிரில்’தான். வரிசையில் நிற்றல், ஆணைக்குக் கை கால் அசைத்தல் என்பதோடு அது முடிந்துவிடும். விளையாட்டின் மகிழ்ச்சிக்கோ, குழந்தையின் வளர்ச்சிக்கோ அதில் இடமில்லை.

இந்நிலை மாற வேண்டுமாயின், சிறந்த வீரர் சிலரைப் பயிற்றுவித்தால் போதாது. நல்ல ஆசிரியர் பலரை உருவாக்க வேண்டும் என்று பக் உணர்ந்தார். 1920ஆம் ஆண்டில் விரல்விட்டு எண்ணத்தக்க மாணவரோடு உடற்கல்விப் பயிற்சிப் பள்ளியொன்றைத் தொடங்கினார். ஆசியாவிலேயே இத்துறையில் முதலாவது என்று பெயர் பெற்ற ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி இவ்வாறு பிறந்ததே. இன்று சென்னை நந்தனத்தில் மரங்களடர்ந்த பரந்த வளாகத்தில் அது விளங்குகிறது. மேலை நாட்டு ஆட்டங்களோடு நம் நாட்டு ஆட்டங்களுக்கும் உடற்பயிற்சிகளுக்கும் அவர் இடமளித்தார். ஆட்ட விதிகளைத் தொகுத்து நூலாகவும் தந்தார்.

பாரிஸ் பயணம்

1924ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் ஒலிம்பிக் போட்டிகள் நடைபெற்றன. அங்குச் சென்ற இந்தியத் தடகள அணியைப் பயிற்றுவித்து உடன் அழைத்துச் செல்லும் பொறுப்பு பக்கிடம் வந்தது. தடை தாண்டும் ஓட்டத்தில் பங்குபெற்ற தென்னாட்டவரான சி. கே. லட்சுமணன் அவ்வணியில் ஒருவர். பதக்கம் ஒன்றும் கிட்டவில்லை. அமெரிக்க அளவுகோலால் அளந்தால் அது தோல்விதான். ஆயினும் பக் மனந்தளரவில்லை. விளையாட்டை நாடெங்கும் ஒழுங்குபடுத்த ஓர் அமைப்பு தேவை என்று உழைத்தவருள் அவரும் ஒருவர். தொராப்ஜி டாட்டாவைத் தலைவராகக் கொண்டு 1927ஆம் ஆண்டில் இந்திய ஒலிம்பிக் சங்கம் உருவாயிற்று.

1943ஆம் ஆண்டு பக் இவ்வுலக வாழ்வை நீத்தார். அவர் விட்டுச் சென்ற செல்வம் வெற்றிக் கோப்பைகள் அல்ல. அவரிடம் பயின்றோர் பல ஊர்களுக்கும் சென்று ஆசிரியராயினர். அவர்தம் மாணவர் மேலும் பலரை உருவாக்கினர். விதைத்தவர் மறைந்தார், விளைச்சல் இன்றும் தொடர்கிறது.

நம் இல்லங்களுக்கு ஒரு கேள்வி

பக் பணியாற்றிய சங்கம் நம் திருச்சபையைச் சார்ந்ததன்று. பிரிந்த சபைச் சகோதரரால் தோன்றியது. எனினும் இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் கற்பித்தபடி, அவர்களிடத்துள்ள நன்மையை நாம் நன்றியோடு ஏற்கிறோம். விளையாட்டு மனச் சமநிலையைக் காக்கும், மக்களிடையே சகோதர உறவை வளர்க்கும் என்று அதே பொதுச்சங்கம் 1965ஆம் ஆண்டில் ‘இன்றைய உலகில் திருச்சபை’ என்னும் ஏட்டில் எடுத்துரைத்தது. புனித சின்னப்பரும் கொரிந்தியருக்கு எழுதும்போது, ஓட்டப்பந்தய வீரரின் தன்னடக்கத்தையே கிறிஸ்தவ வாழ்வுக்கு உவமை காட்டினார்.

அவ்வாறிருக்க, நாம் செய்வதென்ன? பொதுத் தேர்வு நெருங்கியதும் விளையாட்டு வேளை கணக்குப் பாடத்திற்குப் போய்விடுகிறது. “ஆடினால் சோறு கிடைக்குமா?” என்று மகனைக் கேட்கிறோம். மகள் பருவமெய்திவிட்டால் மைதானத்தின் பக்கமே போகவிடுவதில்லை. வெயிலில் நாள் முழுதும் நிற்கும் உடற்கல்வி ஆசிரியரோ, பிள்ளைகளை வரிசையில் நிறுத்துவதற்கு மட்டும் வேண்டியவராகி விடுகிறார். தோற்றவனைத் தட்டிக்கொடுக்கவும், வென்றவனைத் தலைக்கனம் கொள்ளாமல் காக்கவும், தவறிழைத்தவன் ஊதல் ஒலி கேட்டதும் முறையிடாமல் பணியவும் கற்பிப்பவர் அவரல்லவா? இப்பாடங்களை எந்தப் புத்தகம் புகட்டும்?

ஆகவே பெற்றோரே, ஒன்று செய்வோம். இம்மாதம் பள்ளிக்குச் செல்லும்போது மதிப்பெண் பட்டியலை மட்டும் பார்த்துத் திரும்பாமல், மைதானத்திற்கும் சென்று அந்த ஆசிரியரைக் காண்போம். “ஐயா, எங்கள் பிள்ளை எப்படி விளையாடுகிறான்? தோற்றால் எப்படி நடந்துகொள்கிறான்?” என்று கேட்போம். நம் பிள்ளையைப் பற்றி நாமே அறியாத சில உண்மைகளை அவர் சொல்லக்கூடும். ஆன்மாவோடு உடலையும் படைத்தவர் இறைவனே. இரண்டையும் பேணி வளர்ப்பது பெற்றோராகிய நம் கடமையாகும்.