பனிச் சாலைக்கு ஒரு பழைய கார்

காஷ்மீர்ப் பள்ளத்தாக்கில் டிசம்பர் 21ஆம் நாள் தொடங்கும் நாற்பது நாள்களுக்குச் சில்லை கலான் என்று பெயர். ஆண்டின் கடுங்குளிர் அக்காலத்தில்தான். அதைத் தொடர்ந்து இருபது நாள்கள் சில்லை குர்த், அதன்பின் பத்து நாள்கள் சில்லை பச்சா எனக் குளிர் படிப்படியாக இறங்கும். இந்த எழுபது நாள்களிலும் பள்ளிகள் பெரும்பாலும் விடுமுறையில் இருக்கும். ஆனால் வங்கிகளும் மருத்துவமனைகளும் அரசு அலுவலகங்களும் இயங்கியாக வேண்டும். அனந்த்நாக்கிலிருந்தும் பாரமுல்லாவிலிருந்தும் ஸ்ரீநகருக்கு அன்றாடம் வேலைக்கு வருவோர் ஏராளம். பனிஹால்–பாரமுல்லா ரயில் பாதைக்கு அருகில் வசிப்போருக்குக் கார் பற்றிய கவலை குறைவு. ஏனையோர் சாலையைத்தான் நம்ப வேண்டும். சிம்லாவிலும் மணாலியிலும் பணிபுரிவோர் நிலையும் இதுவே. மத்திய அரசுப் பணியிலோ வங்கிப் பணியிலோ இடமாற்றம் பெற்று அப்பகுதிகளுக்குச் செல்லும் தமிழர்களுக்கு, பனியில் கார் ஓட்டுவது முற்றிலும் புதிய அனுபவம்.

கையில் மூன்று முதல் ஐந்து லட்சம் ரூபாய் வரை வைத்திருப்பவர் அங்கே எத்தகைய பழைய காரை வாங்கலாம்?

முதலில் மனத்தில் தோன்றுவது நான்கு சக்கர இயக்கம் கொண்ட ஜீப் வகை வண்டி. அந்த ஆசை இயல்பானதே. ஆயினும், இந்த விலைக்குக் கிடைக்கும் அத்தகைய வண்டிகள் பெரும்பாலும் வயது முதிர்ந்தவை. மலைப் பகுதிகளில் பெரிதும் விரும்பப்பட்ட மாருதி ஜிப்சியை எடுத்துக்கொள்வோம். எளிய, உறுதியான வண்டி. ஆனால் அதில் ஏபிஎஸ் இல்லை, காற்றுப்பை இல்லை. உற்பத்தியும் 2019இல் நின்றுவிட்டது. 2014இல் வந்த ரெனோ டஸ்டரின் நான்கு சக்கர இயக்க வகை பனிக்கு நன்கு ஏற்றது. எனினும் அது டீசல் வண்டி. பழுதானால் வரும் செலவு சிறிய காருக்கு ஆவதைப் போல் இராது. எல்லாவற்றினும் முக்கியமாக ஒன்றைக் கருத வேண்டும். நான்கு சக்கர இயக்கம் வண்டியைக் கிளப்புவதற்கும் ஏற்றத்தில் ஏற்றுவதற்கும் உதவும்; நிறுத்துவதற்கு உதவாது. பிரேக் எல்லாக் கார்களிலும் நான்கு சக்கரங்களில்தான் இயங்குகிறது. பனிக்கட்டி படர்ந்த சாலையில், உலர்ந்த சாலையைக் காட்டிலும் பத்து மடங்கு வரை தொலைவு கடந்தே வண்டி நிற்கும். அங்கே காப்பாற்றுவது டயரும் குறைந்த வேகமும்தான்.

ஆகவே நாள்தோறும் அலுவலகம் செல்வதற்கு, முன்சக்கர இயக்கம் கொண்ட சிறிய பெட்ரோல் கார் போதும் என்பதே எம் கருத்து. ஆல்ட்டோ, வேகன்ஆர், ஸ்விஃப்ட், ஐ10 போன்ற கார்களில் எஞ்சினின் எடை இயங்கும் சக்கரங்களின் மேலேயே அழுந்துகிறது; அதனால் சமதரையில் பிடிப்பு நன்றாக இருக்கும். ஓம்னி, ஈக்கோ, சுமோ ஆகியவை பின்சக்கர இயக்கம் கொண்டவை. பின்புறம் சுமையின்றிச் செல்லும்போது இவற்றின் வால் பகுதி எளிதில் சறுக்கும். காஷ்மீரில் சுமோ வாடகை வண்டிகள் பனியிலும் ஓடுகின்றனவே எனக் கேட்கலாம். அவை ஆள் நிறைந்து ஓடுகின்றன. ஓட்டுநர்களும் அந்தச் சாலையிலேயே பழகியவர்கள்.

இடத்துக்கு இடம் தேவை மாறும். ஸ்ரீநகர் சுமார் 1,585 மீட்டர் உயரத்தில் இருந்தாலும் பெரும்பாலும் சமவெளி நகரம். அங்கே பெரிய ஆபத்து, இரவில் உறைந்து காலையில் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும் பனிக்கட்டிப் படலம். சிம்லாவில் வீட்டு வாசலிலேயே செங்குத்தான ஏற்றம் இருக்கும். ஏற்றத்தில் எடை பின்னோக்கிச் சாய்வதால் முன்சக்கர இயக்கம் சற்றுத் தடுமாறும். அங்கே சங்கிலி இன்றியமையாதது. பனி அள்ளப்படாத கிராமச் சாலை எனில், தரையிலிருந்து காரின் அடிப்பகுதி எவ்வளவு உயரம் என்பதையும் பார்க்க வேண்டும். ஆல்ட்டோவுக்கு இது சுமார் 160 மில்லிமீட்டர். அதற்கு மேல் பனி குவிந்திருந்தால் வண்டி பனியின் மீதே ஏறி அமர்ந்துவிடும். சக்கரங்கள் வீணே சுழலும்.

டயர்

காரின் விலையில் இருபதாயிரம் ரூபாயைக் குறைத்துப் பேசி, அத்தொகையை டயருக்குச் செலவிடுவது நல்ல முடிவு. விற்பவர்கள் வண்டியைக் கழுவி மெருகேற்றித் தருவார்கள். புது டயர் போட்டுத் தருவோர் அரிது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் பொறிக்கப்பட்டிருக்கும். 3519 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 35ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். பள்ளங்கள் ஆழமாகத் தெரிந்தாலும், ஆறேழு ஆண்டுகள் கடந்த ரப்பர் இறுகிப் போயிருக்கும். குளிரில் மேலும் கடினமாகும். சட்டப்படி டயரின் பள்ளம் 1.6 மில்லிமீட்டர் இருந்தால் போதும். பனிக்கு அது போதாது. 4 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் மாற்றிவிடுவது நலம்.

வெப்பநிலை 7 டிகிரிக்குக் கீழே இறங்கும்போது சாதாரண டயரின் ரப்பர் இறுகத் தொடங்கும். குளிர்கால டயர் மென்மையான ரப்பரால் ஆனது. அதன் மேற்பரப்பில் நுண்ணிய கீறல்கள் நிறைந்திருக்கும். பக்கவாட்டில் மூன்று சிகரங்கள் கொண்ட மலையும் அதனுள் பனித்துகளும் வரையப்பட்டிருந்தால், அது பனியில் சோதிக்கப்பட்ட டயர். இந்தியாவில் எல்லா அளவுகளிலும் இவை எளிதில் கிடைப்பதில்லை. ஆதலால் காரை வாங்குமுன் அதன் டயர் அளவைக் குறித்துக்கொண்டு, அந்த அளவில் கிடைக்கிறதா என்று கடையில் விசாரிப்பது நல்லது. கிடைக்காவிடில் புதிய சாதாரண டயருடன் சங்கிலியை வைத்துக்கொள்ளலாம்.

பனிச் சங்கிலி இயங்கும் சக்கரங்களில் மாட்டப்பட வேண்டும்; முன்சக்கர இயக்கம் எனில் முன்னால். மணிக்கு 40 கிலோமீட்டரைக் கடக்கலாகாது. வெறும் தார்ச்சாலை வந்தவுடன் கழற்றிவிட வேண்டும்; இல்லையேல் சங்கிலியும் டயரும் சேர்ந்தே பாழாகும். பனி கொட்டிய நாள்களில் தங்மார்க்–குல்மார்க் சாலையில் சங்கிலி பூட்டிய வண்டிகளையும் நான்கு சக்கர இயக்க வண்டிகளையும் மட்டுமே அனுமதிப்பது வழக்கம். முதன்முறை மாட்டிப் பார்ப்பதை வீட்டு முற்றத்திலேயே செய்துவிடுங்கள். விரல்கள் மரத்துப்போன நிலையில், சாலையோரத்தில் குறிப்புத் தாளைப் படித்து மாட்டுவது கடினம்.

குளிர் செய்யும் வேலை

2024 டிசம்பர் 21 அதிகாலையில் ஸ்ரீநகரில் வெப்பநிலை மைனஸ் 8.5 டிகிரி வரை இறங்கியது. இத்தகைய இரவுகளில் பேட்டரியின் திறன் வெகுவாகக் குறையும். அதே வேளையில் கெட்டிப்பட்ட எண்ணெயில் எஞ்சினைச் சுழற்றக் கூடுதல் ஆற்றல் தேவைப்படும். எனவே வண்டியைப் பார்க்கப் போகுமுன், முந்தைய இரவு முதல் அதை இயக்க வேண்டாம் என விற்பவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். போனவுடன் எஞ்சின் மூடியைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், குளிர்ந்த நிலையில் கிளம்ப மறுக்கும் வண்டியை முன்கூட்டியே கிளப்பி வைத்திருக்கிறார்கள் என ஐயுறலாம்.

சமவெளியிலிருந்து வந்த கார்களில் ரேடியேட்டரில் கூலன்டுக்குப் பதில் வெறும் தண்ணீர் ஊற்றியிருப்பது பரவலான பழக்கம். தண்ணீர் உறையும்போது சுமார் ஒன்பது விழுக்காடு விரிவடையும். ரேடியேட்டரையும் சில வேளைகளில் எஞ்சின் உடலையுமே பிளந்துவிடும். சரிபாதி கூலன்டும் சரிபாதி தூய நீரும் கலந்தால் மைனஸ் 35 டிகிரி வரை உறையாது. எஞ்சின் எண்ணெயிலும் கவனம் வேண்டும்: 20டபிள்யூ-50 போன்ற கெட்டியான எண்ணெய் இருந்தால், காரின் கையேடு அனுமதிக்கும் மெல்லிய வகைக்கு, எடுத்துக்காட்டாக 5டபிள்யூ-30க்கு, மாற்றிவிட வேண்டும்.

டீசலில் உள்ள மெழுகுப் பொருள் கடுங்குளிரில் உறைந்து வடிகட்டியை அடைக்கும். லடாக் பகுதிக்காக இந்தியன் ஆயில் நிறுவனம் 2019இல் தனிக் குளிர்கால டீசலை அறிமுகப்படுத்தியதற்குக் காரணம் இதுவே. மேலும், பிஎஸ்-6 டீசல் கார்களில் உள்ள புகைக்கரி வடிகட்டி தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ள, நெடுந்தொலைவு தொடர்ந்து ஓட வேண்டும். குளிரில் ஐந்தாறு கிலோமீட்டர் மட்டும் சென்று திரும்புபவருக்கு டீசல் ஏற்றதன்று.

வசதிகளில் சில இங்கே பாதுகாப்பு. ஹீட்டர், பின்கண்ணாடியின் ஆவி போக்கும் கம்பிகள், பின் வைப்பர் ஆகியவை பல கார்களின் அடிப்படை வகைகளில் இருப்பதில்லை. ஒரு படி மேலான வகையை, ஓராண்டு பழையதாகவே ஆயினும், தேர்வது நன்று. 2019 ஏப்ரலுக்குப் பின் தயாரான கார்களில் ஏபிஎஸ் கட்டாயமாயிற்று. ஆதலால் தயாரிப்பு மாதத்தைப் பதிவுச் சான்றில் பாருங்கள். புகைக்குழாயில் ஓட்டையோ, காருக்குள் புகை மணமோ இருந்தால் அந்த வண்டி வேண்டாம். 2022 ஜனவரியில் பாகிஸ்தானின் முர்ரீயில் பனியில் சிக்கிய கார்களில் 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். புகைக்குழாயைப் பனி மூடிய நிலையில் எஞ்சினை ஓடவிட்டு அமர்ந்திருந்தால், மணமற்ற கார்பன் மோனாக்சைடு உள்ளே நிறையும்.

வண்டி எங்கிருந்து வந்தது?

டெல்லியில் 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகளுக்கும் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளுக்கும் விதிக்கப்பட்ட கட்டுப்பாடுகளால், அங்கிருந்து பல கார்கள் மலிவாக வெளிமாநிலங்களுக்குச் சென்றன. விலையைக் கண்டு மயங்க வேண்டாம். ஒரு மாநிலத்தில் பதிவான வண்டியை வேறொரு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்தாக வேண்டும். அதற்கு முந்தைய வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் தடையில்லாச் சான்று, அதாவது படிவம் 28, வேண்டும். புதிய மாநிலத்தின் சாலை வரியும் சேரும். இவற்றைக் கூட்டிப் பார்த்தால் மலிவு பெரும்பாலும் மறைந்துவிடும்.

2014 செப்டம்பரில் ஜீலம் நதி ஸ்ரீநகரை மூழ்கடித்தது. நகரின் கார்களும் நீரில் மூழ்கின. அடுத்த ஆண்டு டிசம்பரில் சென்னையில் நாம் கண்டதும் அதுவே. அதற்கு முந்தைய கார் எனில் இருக்கைக்கு அடியில் உள்ள விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். சேற்றுப் படிவும், இருக்கைத் தண்டவாளத்தில் துருவும் காணப்படலாம். இருக்கை வாரை முழுவதும் இழுத்துப் பார்த்தால் நீர்க்கோடு தெரியக்கூடும். பனி உருகச் சாலையில் உப்புத் தூவும் இடங்களில் ஓடிய வண்டியை, மெக்கானிக்கிடம் தூக்கி நிறுத்தி அடிப்பகுதியைப் பார்க்க வேண்டும்.

பதிவுச் சான்றில் கடன் குறிப்பு இருந்தால், கடன் தந்த நிறுவனத்தின் தடையில்லாச் சான்றும் படிவம் 35உம் கைக்கு வந்த பின்னரே முழுத் தொகையைத் தருக. உரிமை மாற்றத்துக்குப் படிவம் 29, 30 தேவை. வாகன் இணையதளத்தில் நிலுவை அபராதங்களையும் சரிபார்க்கலாம். காப்பீட்டைத் தம் பெயருக்கு மாற்ற 14 நாள்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். உரிமைகோராமைக்கான தள்ளுபடி வண்டிக்கு உரியதன்று. முந்தைய உரிமையாளருக்கு உரியது. அது தம்மோடு வரும் என எண்ணிக் கணக்குப் போடக் கூடாது.

பழைய காருக்கான கடனின் வட்டி, புதிய காருக்கானதைவிடக் கூடுதலாகவே இருக்கும். கடன் முடியும்போது வண்டியின் வயது எவ்வளவாக இருக்கும் என்பதையும் வங்கி கணக்கிடும். ஆதலால் காருக்கு முன்பணம் தருமுன் கிளையில் கேட்டுவிடுவது சிறந்தது. எடுத்துக்காட்டாக, 3 லட்சம் ரூபாயை 11 விழுக்காடு வட்டியில் 48 மாதங்களுக்கு எடுத்தால் மாதத் தவணை சுமார் 7,754 ரூபாய். மொத்த வட்டி சுமார் 72,000 ரூபாய். அதையே 36 மாதங்களில் அடைத்தால் தவணை சுமார் 9,822 ரூபாயாக உயரும். வட்டியோ சுமார் 53,500 ரூபாயாகக் குறையும். இடைப்பட்ட 18,500 ரூபாயில் நல்ல சங்கிலியும் புதிய பேட்டரியும் வாங்கிவிடலாம்.

வாங்குவதற்கு ஏற்ற காலம் செப்டம்பரும் அக்டோபரும். மறுபதிவு, காப்பீடு, டயர் எல்லாம் முடிய ஒரு மாதமேனும் ஆகும். முதல் பனி சில ஆண்டுகளில் நவம்பர் தொடக்கத்திலேயே விழுந்துவிடுகிறது.