பழைய வேல்களை இனங்காணுதல்

கோலார் தங்கவயலைச் சூழ்ந்த சிற்றூர்களில், படைக்கலம் ஏந்திய வீரர் உருவம் பொறித்த நடுகற்கள் பல காணப்படுகின்றன. இவற்றுட் பல கங்கரும் நொளம்பரும் ஆண்ட கி.பி. 9, 10-ஆம் நூற்றாண்டுகளில், ஆநிரை மீட்டும் ஊர் காத்தும் மாண்டவர்க்கு எடுக்கப்பட்டவை. பி. எல். ரைஸ் 1905-இல் வெளியிட்ட 'எபிகிராபியா கர்நாடிகா' பத்தாம் தொகுதியில் கோலார் மாவட்டக் கல்வெட்டுகள் தொகுக்கப்பட்டுள்ளன. பழைய வேல்களை ஆராய்வோர்க்கு இக்கற்கள் பெருந்துணையாகும். நிலத்தில் அகப்படும் வேலில் பெயரோ ஆண்டோ இருப்பது அரிது. எழுத்துள்ள கல்லிலோ படைக்கலத்தின் வடிவத்தோடு அதன் காலமும் புலனாகிறது. ஆயினும் சிற்பி அளவு பிசகாது செதுக்கினான் என்று கொள்வதற்கில்லை.

வேலின் இலை வடிவத்தைவிட, அது காம்போடு பொருந்தும் முறையே முதலில் நோக்கத்தக்கது. சிலவற்றில் அடிப்பகுதி குழலாகச் சுருட்டப்பட்டுக் காம்பு அதனுள் நுழையும். வேறு சிலவற்றில் முளை போன்ற கூர்ப்பகுதி காம்பினுள் இறங்கும். பிலிப்பைன்ஸின் மின்டனாவோ, சூலூத் தீவுகளில் வாழும் மோரோ மக்களின் 'புடியாக்' என்னும் வேல் பின்னதற்கு நல்ல சான்று. அதன் முளை காம்பினுள் இறங்குமிடத்தில், காம்பு பிளவாதிருக்கப் பித்தளை அல்லது வெள்ளிப் பூண் இறுக்கப்பட்டிருக்கும்.

அடுத்தது உலோகச் சோதனை. கோலாரில் 1880 முதல் 2001 வரை நடைபெற்ற சுரங்கத் தொழிலில் ஆலை எஃகு மிகுதியாகப் பயன்பட்டது. அத்தகைய எஃகுக் கம்பியை அடித்து வேலாக்கி, அமிலத்தில் இட்டுத் துருவேற்றினால், கண்ணால் மட்டும் காண்பவர் ஏமாறக்கூடும். மரக்கரியில் உருக்கிய பழைய இரும்பை நுண்பெருக்கியில் நோக்கினால் கசடு இழையிழையாகத் தெரியும். ஆனால் 19-ஆம் நூற்றாண்டு ஆலைகளின் தேனிரும்பிலும் கசடு உண்டாதலால், இவ்வொன்றே போதாது. ஆலை எஃகில் பொதுவாக மாங்கனீசு கூடுதலாக இருக்கும். மேலும், மரக்கரியில் உருக்கிய இரும்பில் சேர்ந்துள்ள கரியைக் கொண்டு கரி-14 முறையால் காலத்தைக் கணிக்கலாம்; நிலக்கரியிலோ கரி-14 எஞ்சியிராது.

துருவும் ஒரு சான்றேயாகும். குழலினுள் மட்கிய காம்பின் இழையமைப்பு, இரும்பு உப்புகள் ஊறியதால், அச்செடுத்தாற்போல் துருவில் நிலைத்திருப்பதுண்டு. எந்த மரம் என்பதைக்கூட அதனால் அறியலாம். உப்புத்தாள் கொண்டு தேய்த்துப் பளபளப்பாக்குபவர் இச்சான்றை ஒரு நாழிகையில் அழித்துவிடுகிறார்! மண்ணின் குளோரைடு உப்புகள் உள்ளே தங்கியிருப்பின், எடுத்த பின்னரும் இரும்பு ஈரங்கசிந்து செதிள் செதிளாக உதிரும். ஆதலால் உலர்ந்த பெட்டியில் வைத்து, விரைவில் அருங்காட்சியகத்தாரிடம் சேர்ப்பதே தக்கது. கிடைத்த இடம், ஆழம், உடன் கிடந்த பானையோடு ஆகியவற்றையும் குறித்துவைக்க வேண்டும். இக்குறிப்பை இழந்த வேலுக்கு எந்தச் சோதனையும் அதனை மீட்டுத் தராது.

படைக்கலங்கள் பழைய இரும்பாக மறைவது புதிதன்று. தஞ்சை அரண்மனைக் கொட்டிலில் இருந்தவற்றில் பெரும்பகுதி 19-ஆம் நூற்றாண்டில் உடைத்து விற்கப்பட்டது. தேர்ந்தெடுத்த சிலவே சென்னை அரசு அருங்காட்சியகத்தை அடைந்தன. இன்று சட்டத்தின் காவல் உண்டு. 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணில் கிடைத்த பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புடைய புதைபொருளை மாவட்ட ஆட்சியருக்கு அறிவித்தல் வேண்டும். நூறாண்டுக்குக் குறையாத தொல்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவதை 1972-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது.