கூவத்துக்குப் பச்சை அடித்தது யார்?

ஜவ்வாது மலையின் ஜமுனாமரத்தூரில் பொழுது சாய்ந்தால் குளிர் இறங்கிவிடும். சூடாக ஒரு டீ வாங்கிக்கொண்டு உட்காருவோம். நடுவில் ஒரு பழைய பட அஞ்சலட்டையை வைத்துக்கொள்வோம்: மதராஸ், கூவம், அதன் மேல் இரும்பு நேப்பியர் பாலம். வானம் இளநீலம், தண்ணீர் பச்சை, கரையில் நிற்பவரின் தலைப்பாகை சிவப்பு.

இதைக் கையில் வாங்குகிறவர்கள் எல்லாரும் ஒன்றையே சொல்கிறார்கள்: "அந்தக் காலத்தில் கூவம் எவ்வளவு அழகாக இருந்திருக்கிறது!" இருந்திருக்கலாம். ஆனால் அதற்கு இந்தப் பச்சை சாட்சி ஆகாது. படம் எடுத்த கேமராவுக்கு நிறமே தெரியாது. வெளிச்சமும் நிழலும்தான் தெரியும். லூமியேர் சகோதரர்களின் வண்ணத் தகடு கடைக்கு வந்ததே 1907-இல்தான். அதற்கும் விலை அதிகம். கேமராவை அசையாமல் நெடுநேரம் திறந்து வைக்கவும் வேண்டும். நடமாட்டமுள்ள தெருவுக்கு அது சரிப்படாது.

அப்படியானால் நிறம் எங்கிருந்து வந்தது? மதராஸில் வீலி அண்ட் கிளைன் போன்ற ஸ்டூடியோக்கள் படம் எடுத்தன. ஹிக்கின்பாதம்ஸ் போன்ற கடைகள் அட்டை வெளியிட்டன. அச்சு வேலையோ பல நேரம் ஜெர்மனியில் நடந்தது. கண்ணாடித் தகட்டில் ஜெலட்டின் பூசி, அதன் மேல் படத்தின் நெகட்டிவ் வழியாக ஒளியைப் பாய்ச்சுவார்கள். ஒளி பட்ட இடம் இறுகி, எண்ணெய் மையைப் பிடித்துக்கொள்ளும். படாத இடம் தண்ணீரைக் குடித்துக்கொண்டு மையை ஒட்டவிடாது, ஈரத் தட்டில் எண்ணெய் ஒட்டாததைப் போல. இதற்குக் கொலோடைப் என்று பெயர்.

இப்படிக் கிடைப்பது கறுப்புப் படம் மட்டுமே. வண்ணம் அதற்கு மேல் தனியாக ஏறும். பொங்கல் கோலத்தை நினைத்துக்கொள்ளுங்கள்: முதலில் வெள்ளைக் கோடு, பிறகு ஒவ்வொரு கலர் பொடியாக நிரப்புகிறோம். மயிலுக்கு எந்த நிறம் என்பது கோடு இழுத்தவர் கையில் இல்லை, பொடி தூவுகிறவர் கையில் இருக்கிறது. இங்கே பொடி தூவியவர் கூவத்தைக் கண்ணால் பார்க்காத அச்சகத் தொழிலாளி. அதனால்தான் ஒரே படம் மறு அச்சில் வேறு நிறத்தில் வரும். சிவப்புத் தலைப்பாகை நீலமாகிவிடும். வெறும் வானத்தில் மேகம் சேர்ப்பதும், பகலை இருட்டாக்கி நிலாவை வரைவதும் அன்றைய அஞ்சலட்டைத் தொழிலில் சகஜம்.

இதே ஜவ்வாது மலையில், காவலூரில், 1986 முதல் 2.34 மீட்டர் தொலைநோக்கி ஒன்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அதில் பொருத்தும் கேமராவுக்கும் நிறம் தெரியாது. சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகளை ஒவ்வொன்றாக வைத்துப் படமெடுத்துப் பிறகு சேர்த்தால் வண்ணப் படம் கிடைக்கும். அங்கே நிறம் வானத்திலிருந்து அளந்து எடுத்தது. நம் அட்டையில் ஊகித்துப் பூசியது. எனக்கு இந்த வித்தியாசம் முக்கியமாகப் படுகிறது.

பிறகு அட்டையில் எதைத்தான் நம்புவது? உருவங்களைப் பெரும்பாலும் நம்பலாம். இரும்புப் பாலம் 1869-இல் ஆளுநர் நேப்பியர் காலத்தில் வந்தது. கான்கிரீட் வில் வளைவுகள் 1940-களில்தான் வந்தன. வளைவு தெரிந்தால் படம் அதற்குப் பிந்தியது. சாலையில் டிராம் ஓடினால் 1895-க்குப் பிந்தியது. தபால் முத்திரையை மட்டும் அவசரப்பட்டு நம்பவேண்டாம். அது அட்டையை அனுப்பிய நாள். படம் அதற்குப் பத்து வருஷம் மூத்ததாகவும் இருக்கலாம்.

நகைக்கடைக்காரர் வைத்திருக்கும் லென்ஸ் ஒன்று கிடைத்தால் இன்னும் நல்லது. கொலோடைப் அச்சு, வற்றிய ஏரித்தரை போல நுண்ணிய வெடிப்புகளாகத் தெரியும். பின்னால் பரவிய புள்ளி அச்சோ, சாமையை வரிசை பிடித்துப் பரப்பியது போல இருக்கும்.

டீ ஆறுவதற்குள் இன்னொரு முறை அட்டையைப் பாருங்கள். தண்ணீரிலிருந்து அந்தப் பச்சையை மனத்தால் துடைத்துவிடுங்கள். பாலத்தின் நிழல் மட்டும் சாம்பலாக ஆற்றில் விழுந்திருக்கிறது. அதை அச்சகத்தில் யாரும் பூசவில்லை. அன்றைக்கு அடித்த மதராஸ் வெயில் விழவைத்தது.