பளபளப்பெல்லாம் 'புரூஃப்' ஆகாது

வியாபாரத்தோடு பழைய காசு வாங்கி விற்பதையும் நம் உறுப்பினர்கள் சிலர் பழக்கமாக வைத்திருக்கிறார்கள். அவர்களிடம் கண்ணாடிபோல் மின்னும் நாணயத்தைக் காட்டி, 'இது புரூஃப்' என்று கூடுதல் விலை கேட்பவர்கள் உண்டு. கைமுதல் போகிற விஷயமாதலால் இதைச் சற்று விளக்குகிறோம்.

புரூஃப் என்பது காசு எவ்வளவு புதிது என்பதைக் குறிப்பதன்று. அதைச் செய்த முறையைக் குறிப்பது. மெருகேற்றிய வில்லையை மெருகேற்றிய அச்சில் வைத்து, ஒரு முறைக்கு மேல் அழுத்தி அடிப்பார்கள். சேகரிப்போருக்காகவே தயாராவது இது. 'புரூஃப் லைக்' என்பது வழக்கமான முறையில் ஒரே அடியில் விழுந்த காசு. அச்சு புதிதாகவோ, மெருகிட்டதாகவோ இருந்தால் முதலில் விழும் காசுகளுக்கு அந்தப் பளபளப்பு தானே வந்துவிடும்.

காசை விளக்கடியில் மெல்லச் சாய்த்துப் பாருங்கள். சாதாரணப் புதுக்காசில் ஒளி சக்கரத்தின் ஆரம்போல் சுற்றி வரும். புரூஃபில் அப்படிச் சுற்றாது. வெற்றிடம் முழுதும் ஒருசேரக் கறுக்கும், ஒருசேர மின்னும். புரூஃப் லைக் இரண்டுக்கும் நடுவே நின்று ஏமாற்றும். அப்போது பூதக்கண்ணாடியால் ஓரத்தையும் எழுத்தையும் பார்க்க வேண்டும். புரூஃபில் அவை வெட்டினாற்போல் கூர்மையாக இருக்கும். மற்றதில் சற்று மழுங்கியிருக்கும். உருவம் பனி படர்ந்தாற்போல் வெளுத்திருப்பதும் புரூஃபுக்கு அடையாளம்தான். ஆனால் பழைய புரூஃபுகள் பலவற்றில் அது இராது. அதை மட்டும் நம்பி விலை பேசுவது சரியல்ல.

நம் நாட்டுக் காசில் இன்னொரு வசதியும் உண்டு. பம்பாய் நாணயச் சாலையின் புரூஃப் காசுகளில் 1969 முதல் 1995 வரை 'பி' என்ற ஆங்கில எழுத்தும், 1996 முதல் 'எம்' என்ற எழுத்தும் உள்ளன. அங்கே அடித்த புழக்கக் காசில் இருப்பது சாய்சதுரக் குறி. 1969இல் வந்த காந்தி நூற்றாண்டு வெள்ளிப் பத்து ரூபாயை இப்படிச் சுலபமாகப் பிரித்துவிடலாம். கல்கத்தா காசில் குறியே கிடையாது; அங்கே கண்தான் துணை.

பெட்டியைப் பார்த்து மயங்க வேண்டாம், காசை மாற்றி வைக்க வெகுநேரமாகாது. புளிபோட்டுத் துலக்கிய காசும் பளபளக்கும். பூதக்கண்ணாடியில் மயிரிழைக் கீறல்கள் ஒரே திசையில் ஓடுவது தெரியும். அதற்குப் புரூஃப் விலை மட்டுமல்ல, நல்ல பழங்காசின் விலையும் கிடைக்காது.