மறதிக்கு மாத்திரை உண்டா?

"வயசானா மறதி வரத்தான் செய்யும்" என்று சொல்லி, நம் வீட்டுப் பெரியவர்களின் மறதியை நாம் பல வேளைகளில் கண்டுகொள்வதில்லை. இல்லையென்றால், ஞாபகசக்தி டானிக் ஒன்றை வாங்கிக் கொடுத்துவிட்டு நம் கடமை முடிந்தது என்று எண்ணுகிறோம். இரண்டுமே சரியல்ல.

மூக்குக் கண்ணாடியை வைத்த இடம் மறப்பது முதுமையின் இயல்பு. ஆனால் நாள்தோறும் நடந்த வழியில் திகைத்து நிற்பதும், சாப்பிட்டதை மறந்து மீண்டும் சோறு கேட்பதும் மறதிநோயின் அடையாளமாக இருக்கலாம். இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு, இந்நோய் இருப்பதாக 2023இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டது. நகரங்களைவிடக் கிராமங்களிலேயே இது மிகுதி.

இதற்கு மருந்து உண்டா? உண்டு; ஆனால் அதன் ஆற்றலுக்கு எல்லையும் உண்டு. 1996இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற டோனெபெசில், மூளைச் செல்கள் செய்தி பரிமாற உதவும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் விரைவில் சிதையாமல் காக்கிறது. சிலருக்கு ஓரளவு தெளிவு கிடைக்கும், நோய் நிற்காது. வாந்தி, வயிற்றுப்போக்கு, நாடித்துடிப்பு குறைதல் போன்ற பக்கவிளைவுகளும் வரலாம். அங்கு 2023இல் லெக்கனமாப், 2024இல் டொனனமாப் என்ற ஊசி மருந்துகள் முழு ஒப்புதல் பெற்றன. இவை ஆரம்பநிலை அல்சைமர் நோயின் வேகத்தைச் சற்றுக் குறைக்கின்றன. இழந்த நினைவை மீட்டுத் தருவதில்லை. மூளையில் வீக்கமோ இரத்தக் கசிவோ ஏற்படலாம் என்பதால் அடிக்கடி ஸ்கேன் எடுக்க வேண்டும். வல்லாரைக் கீரை நல்ல உணவு; ஆனால் அது இந்நோயைக் குணமாக்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை.

ஆயினும் நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை. வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு குறைவு, மனச்சோர்வு ஆகியவற்றால் வரும் மறதி, சிகிச்சையால் பெரும்பாலும் சீராகும். தூக்க மாத்திரைகளும், சளிக்கும் அலர்ஜிக்கும் தரப்படும் சில மாத்திரைகளும்கூட மறதியை உண்டாக்கும். எனவே பெரியவர் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு மருத்துவரிடம் காட்டுவோம். நாமாக எதையும் நிறுத்திவிட வேண்டாம்.

2022 ஜனவரியில் கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. ஆனாலும் கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கத்து முதியோருக்கு மலையிறங்கி வருவது அலைச்சல்தான். 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இரத்த அழுத்தம், சர்க்கரை நோய்க்கான மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. மூளையின் இரத்தக் குழாய்களைக் காப்பவையும் இவைதாம். இவற்றைத் தவறாமல் கொடுப்பதே நினைவாற்றலைக் காக்க நாம் இன்றே செய்யக்கூடிய பெரிய உதவி.

அறிவு தளர்ந்த தந்தையிடம் பொறுமை காட்டும்படி சீராக்கின் ஞான நூல் மூன்றாம் அதிகாரம் நம்மைக் கேட்கிறது. ஒரே கேள்வியைப் பத்தாவது முறை கேட்கும் அம்மாவுக்குச் சலிக்காமல் பதில் சொல்வோம். அத்தோடு, அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்வதையும் தள்ளிப்போடாதிருப்போம்.